மலிவு யார் தலையில் விழுகிறது? மளிகைப் பட்டியலுக்கு ஒரு விலைக் கணக்கு

ஒரு லிட்டர் கடலெண்ணெய் (நிலக்கடலை எண்ணெய்) ஆட்ட இரண்டே கால் முதல் இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். நல்ல பருப்பில் நூற்றுக்கு 45 முதல் 50 பங்கு எண்ணெய் இருக்கும். செக்கில் அதில் பெரும்பகுதி இறங்கும், மீதி புண்ணாக்கிலேயே நின்றுவிடும். மில்காரருக்குப் பருப்பு கிலோ 120 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டே கால் கிலோவுக்கு 270 ரூபாய். புண்ணாக்கை விற்றால் ஐம்பதோ அறுபதோ திரும்பும். ஆட்டுக்கூலி, கரண்ட், பாட்டில், கடைக்காரர் லாபம் எல்லாம் அதற்கு மேல். இந்த நிலையில் 'மரச்செக்குக் கடலெண்ணெய், லிட்டர் 180' என்று ஒரு பாட்டில் அலமாரியில் நின்றால், உள்ளே இருப்பது முழுக்கக் கடலையாக இருக்க வழியே இல்லை. பருப்பு விலை ஏறலாம், இறங்கலாம். அதே கடையில் அன்றைக்கு விற்கும் பருப்பு விலையை வைத்துக் கணக்கைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

உடம்புக்கு நல்லதா, மனசாட்சிக்குச் சரியா என்று இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகத்தான் நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். மளிகை விஷயத்தில் இரண்டும் பெரும்பாலும் இந்த ஒரே கணக்கில் வந்து சேர்கின்றன. மூலப்பொருளின் விலைக்குக் கீழே ஒரு பொருள் விற்றால், அந்தப் பள்ளத்தை யாரோ நிரப்புகிறார்கள்: சாப்பிடுகிறவரின் ஈரல், பனையேறியின் கூலி, கூண்டில் இருக்கும் கோழி, எங்கோ ஒரு காடு. இதைத் திருப்பிப் போட்டால் உண்மையாகாது. விலை கூடியதெல்லாம் நல்லது என்று நினைத்தால் 'ஆர்கானிக்' என்று எழுதிய காகிதப் பைக்கு இரட்டை விலை கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான்.

எண்ணெயிலேயே கொஞ்சம் நிற்போம், மாதச் செலவில் பெரிய பங்கும் ஏமாற்று அதிகம் நடக்கும் இடமும் அதுதான். பாட்டிலின் முகப்பில் பெரிய எழுத்தில் நிலக்கடலைப் படம் இருக்கும். பின்பக்கம் சின்ன எழுத்தில் 'கலப்புத் தாவர எண்ணெய்' என்றோ 'மல்டி சோர்ஸ் எடிபிள் ஆயில்' என்றோ இருந்தால் அது வேறு பொருள். விதிப்படி கலப்பில் எந்த எண்ணெயும் எடையில் 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எந்த எண்ணெய் எவ்வளவு என்று சதவீதம் போட்டிருக்க வேண்டும். ஆக, கடலை 20, பாமாயில் 80 என்பதும் சட்டப்படி சரியான பாட்டில்தான். அது குற்றமும் இல்லை, ஆனால் கடலெண்ணெய் விலை கொடுக்க வேண்டியதும் இல்லை.

நல்லெண்ணெய் அலமாரியில் இன்னொரு கண்ணி உண்டு. 'தீப எண்ணெய்', 'பூஜை எண்ணெய்' என்று அதே நிறத்தில், அதே வடிவ பாட்டிலில், பாதி விலைக்கு நிற்கும். அதில் 'விளக்கேற்ற மட்டும்' என்று எங்காவது ஓரத்தில் எழுதியிருப்பார்கள். உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்காது. வயதானவர்களைக் கடைக்கு அனுப்பும் வீடுகளில் இதைச் சொல்லி அனுப்புவது நல்லது. பூஜை மஞ்சளுக்கும் இதே எச்சரிக்கை: சமையல் டப்பாவுக்குள் அது வரவே கூடாது.

செக்கெண்ணெய்க்காரர்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஈரம் காயாமல் மூட்டை கட்டிய நிலக்கடலையில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உண்டாகும். நாள்பட்டுச் சேர்ந்தால் ஈரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும் நச்சு இது. ரீஃபைண்ட் எண்ணெயில் காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும்போது பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கில் ஆட்டி வடிகட்டுவதோடு நிறுத்தும் எண்ணெயில் நீங்காது. சொத்தை, சுருங்கல், கறுத்த பருப்பை மலிவாக வாங்கி ஆட்டும் இடத்தில் செக்கெண்ணெய் ரீஃபைண்டைவிட மோசம். செக்கு வாகை மரத்தில் செய்ததா இரும்பா என்று விசாரிப்பதைவிட, ஆட்டப்போகும் பருப்பைக் காட்டச் சொல்லிப் பார்ப்பது பத்து மடங்கு பயன். கையில் ஒரு பிடி அள்ளினால் சுருங்கிய பருப்பும் கருத்த பருப்பும் தெரியும். இரண்டைக் கடித்தால் கசப்பு தெரியும். நம் பருப்பை நாமே பொறுக்கிக் கொண்டுபோய் ஆட்டுக்கூலி கொடுத்து வாங்கினால் இந்தக் கவலை பெருமளவு குறையும்.

தேங்காயெண்ணெய்க்குக் கணக்கு வேறு. கொப்பரையில் எண்ணெய் 60 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் லிட்டருக்கு ஒன்றரை முதல் ஒன்றே முக்கால் கிலோ கொப்பரை போதும். கெடும் இடம் உலர்த்துகிற களம். பூஞ்சை வராமலும் வெள்ளையாகத் தெரியவும் கந்தகப் புகை போடுவார்கள். கந்தகம் போட்ட கொப்பரை வெளுப்பாக, ஒரே நிறமாக இருக்கும், முகர்ந்தால் மூக்கில் ஏறும். வெயிலில் காய்ந்தது லேசாகப் பழுப்பேறி, சீரில்லாமல் இருக்கும். 'அழகான' கொப்பரையைக் கேட்கும் வாடிக்கையாளர்தான் கந்தகத்தைக் கேட்டு வாங்குகிறார்.

செக்கெண்ணெயில் பதப்படுத்தும் பொருள் இல்லாததால் மூன்று நான்கு மாதத்தில் காறல் வாடை வரும். ஐந்து லிட்டர் கேனாக வாங்கி அடுப்பு மேடையில் வைப்பது வீண். ஒரு மாதத்துக்கு வேண்டியதை எவர்சில்வர் தூக்கில், வெளிச்சம் படாத இடத்தில் வைத்தால் போதும். புதிதாக ஆட்டியது கலங்கலாக இருந்தால் இரண்டு மூன்று நாள் அசையாமல் வைத்துத் தெளியவிட்டு இறுத்துக்கொள்ளலாம். அடிக்கசடோடு சூடாக்கினால் நுரைத்துப் பொங்கும், சீக்கிரம் கருகும். அதைக் கலப்படத்தின் அறிகுறி என்று தவறாக நினைத்துப் பலர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள்.

'கட்டுப்படியாகாது' என்பது நியாயமான பதில். ஆனால் அளவையும் பார்க்க வேண்டும். உட்கார்ந்த வேலை செய்கிறவருக்கு நாளொன்றுக்குப் பெண்ணுக்கு 20, ஆணுக்கு 25 கிராம் எண்ணெய் என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நெடுநாளாகச் சொல்லிவந்த அளவு. நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்று லிட்டர் தாராளம். ஐந்து லிட்டர் வாங்கும் வீடு மூன்றாகக் குறைத்தால், அதே காசில் நல்ல எண்ணெய்க்குப் போய்விடலாம். பொரிப்பதைக் குறைக்காமல் எண்ணெயை மட்டும் மாற்றுவதில் உடம்புக்குப் பெரிய லாபம் இல்லை.

பாமாயில் பற்றி இரண்டு பேச்சு உண்டு, இரண்டையும் கலக்கக் கூடாது. உடம்பு என்றால், அதில் நிறைகொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட், ரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டுவது) ஏறக்குறைய பாதி. கடலெண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்குக்குள், சூரியகாந்தியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். (தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது. அதைச் சொன்னால் கோபப்படுகிறவர்கள் உண்டு.) காடு என்றால், தென்கிழக்கு ஆசியத் தீவுகளான சுமத்ராவிலும் போர்னியோவிலும் ஒராங்குட்டான் என்ற மனிதக் குரங்கு வாழும் மழைக்காடுகளை அழித்து நட்ட தோட்டங்கள் இந்தப் பழியைச் சுமக்கின்றன. அதே சமயம் ஒரு ஹெக்டேரில் செம்பனை (பாமாயில் எடுக்கும் மரம்) தரும் எண்ணெயில் சோயாவோ நிலக்கடலையோ நான்கில் ஒரு பங்குகூடத் தருவதில்லை. எல்லோரும் சோயாவுக்கு மாறினால் இன்னும் அதிக நிலம் போகும்.

ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில் பாக்கெட்டை வாங்கும் குடும்பத்திடம் ஒராங்குட்டானைப் பற்றிப் பாடம் எடுப்பது அநாகரிகம். பாமாயில் உண்மையில் ஒளிந்திருப்பது வசதியுள்ள வீட்டின் கூடையில்: கிரீம் பிஸ்கட், சிப்ஸ், இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், 'ஃப்ரோசன் டெசர்ட்'. கடைசியதை ஐஸ்கிரீம் என்று நினைத்துத்தான் வாங்குகிறோம். ஐஸ்கிரீம் என்றால் பால் கொழுப்பு. ஃப்ரோசன் டெசர்ட் என்றால் தாவரக் கொழுப்பு, பெரும்பாலும் பாமாயில். இந்தக் கூடையைக் குறைப்பது உடம்புக்கும் காட்டுக்கும் ஒரே வேலையாக முடியும்.

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிப்பது அரை நிமிட வேலை. சேர்மானப் பட்டியல் எடையில் கூடியதிலிருந்து குறைந்ததற்கு என்ற வரிசையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். 'ராகி பிஸ்கட்' பட்டியலில் முதலில் ரீஃபைண்ட் கோதுமை மாவு (அதாவது மைதா), இரண்டாவது சர்க்கரை, நான்காவது ராகி 8 சதவீதம் என்று இருந்தால் அது மைதா பிஸ்கட். இனிப்பைச் சர்க்கரை, திரவக் குளுக்கோஸ், இன்வெர்ட் சிரப் என்று மூன்று பெயராகப் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் வரிசையில் கீழே இறங்கிவிடும். கூட்டிப் பார்த்தால் முதலிடம் அதற்கே போகலாம். பழுப்பு ரொட்டியில் 150 என்ற எண் தெரிந்தால் அந்தப் பழுப்பில் கேரமல் நிறமிக்கும் பங்கு உண்டு.

சத்து அட்டவணையில் சதவீதங்கள் நாளுக்கு 2000 கலோரி, சேர்த்த சர்க்கரை 50 கிராம், சோடியம் 2000 மில்லிகிராம் என்ற கணக்கில் போடப்படுகின்றன. ஏமாறும் இடம் 'ஒரு பரிமாறல்' என்ற வரி. 30 கிராமுக்குப் போட்டிருப்பார்கள், பாக்கெட் 90 கிராம் இருக்கும், பிரித்தால் ஒரே ஆள் முடித்துவிடுவார். எப்போதும் 100 கிராம் நிரலையே பார்க்க வேண்டும். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். ரத்த அழுத்தம் உள்ள வீட்டில் ஊறுகாய், அப்பளம், சூப் பொடி மூன்றுக்கும் இந்தப் பெருக்கலைச் செய்து பார்த்தால் பட்டியல் தானாகச் சுருங்கும்.

பச்சைப் புள்ளி இறைச்சி, மீன், முட்டை இல்லை என்பதற்கு மட்டும் உத்தரவாதம். பால் பொருள் இருக்கும். பாலும் வேண்டாம் என்பவர்களுக்கு 2022 விதிகளின்படி தனி வீகன் முத்திரை வந்திருக்கிறது. கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். கோதுமையின் குளூட்டன் ஒத்துக்கொள்ளாத செலியாக் நோய் உள்ளவர் வீட்டில் சாம்பாரே பிரச்சினையாவது இதனால்தான். அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் தனியாகக் கிடைக்கிறது.

வெல்லத்துக்கு வருவோம். கரும்புச் சாறு காய்ச்சிய வெல்லம் இயல்பில் பழுப்பு. மஞ்சளாக, பளிச்சென்று வேண்டும் என்பதால் சாறு காய்ச்சும் பாத்திரத்தில் ஹைட்ரோஸ் (சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்) தூவுகிறார்கள். வெள்ளைச் சர்க்கரை மூட்டையும் உள்ளே போகிறது. இதில் இரண்டு கேடு. கந்தகப் பொருள் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. சர்க்கரைக்கு வெல்ல விலை கொடுக்கிறோம். ஆனால் கருப்பாக இருந்தாலே சுத்தம் என்றும் சொல்ல முடியாது. அடிப்பிடித்ததும் கருப்புத்தான், பழைய வெல்லத்தை உருக்கி மறுபடி அச்சில் வார்த்ததும் கருப்புத்தான். உடைத்த இடத்தில் மணல் போன்ற பளபளப்புப் பரல்கள் தெரிந்தால் சர்க்கரை கலந்திருக்கும் என்று சந்தேகிக்கலாம். தண்ணீரில் கரைத்து வைத்தால் அடியில் வெள்ளைத் தூள் தங்குவது சுண்ணாம்பு.

கருப்பட்டியில்தான் விலைக் கணக்கு முழு வேலை செய்கிறது. ஒரு கிலோ கருப்பட்டிக்குச் சுமார் 8 முதல் 10 லிட்டர் பதநீர் காய்ச்ச வேண்டும். அதற்கு ஒருவர் காலையும் மாலையும் பல மரங்கள் ஏறி, பாளை சீவி, கலயத்தில் சுண்ணாம்பு தடவி வைத்து இறக்க வேண்டும். பிறகு விறகு, மணிக்கணக்கில் அடுப்படி வேலை. சீசனோ வருடத்தில் சில மாதங்கள்தான். இவ்வளவும் சேர்ந்த பொருள் கரும்பு வெல்லத்தின் விலைக்குப் பக்கத்தில் விற்கவே முடியாது. விற்றால் பதநீர் பேருக்குத்தான், மீதி சர்க்கரைப் பாகு. அதை வாங்கும்போது உண்மையான கருப்பட்டி காய்ச்சுகிறவரின் விலையையும் நாம் அடிக்கிறோம். உடன்குடி கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரைப் போட்டு விற்பவரிடம் எந்த ஊர், யார் காய்ச்சியது, எந்த மாதம் என்று கேட்பதில் தவறில்லை. பதில் தடுமாறினால் அடுத்த கடை. ஒன்று மட்டும்: கருப்பட்டியும் சர்க்கரைதான். நீரிழிவுக்காரர் 'இது நாட்டுப் பொருள்' என்று தாராளமாகப் போட்டுக்கொண்டால் ரத்தத்தில் ஏறுவது ஏறத்தான் செய்யும்.

ஜவ்வரிசியிலும் வெள்ளை மோகம்தான் வினை. மரவள்ளி மாவில் செய்த ஜவ்வரிசி லேசாக மங்கிய நிறம். பால் வெள்ளையாக மின்னினால் வெளுக்க ஏதோ போட்டிருக்கிறார்கள், அல்லது மக்காச்சோள மாவு கலந்திருக்கிறது. சேலம் பக்கத்து விவசாயிக்கு மரவள்ளிக் கிழங்கு விலை விழுவதற்கு இந்த மக்காச்சோளக் கலப்பும் ஒரு காரணம்.

மஞ்சள் தூளை விட்டுவிட்டு விரலி மஞ்சள் வாங்கி அரைப்பதற்கு வலுவான காரணம் ஈயம். விரலியை மெருகேற்றும்போது நிறத்துக்காக லெட் குரோமேட் என்ற மஞ்சள் நிறமியைப் பூசும் பழக்கம் தெற்காசியாவில் பல இடங்களில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும், போனது திரும்பாது. மஞ்சளில் ஈயத்துக்கு நம் சட்டம் வைத்திருக்கும் வரம்பு பத்து லட்சத்தில் 10 பங்கு. அந்த அளவை வீட்டில் டம்ளர் தண்ணீரில் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. செய்யக்கூடியது இவ்வளவுதான்: வெளியே மங்கலாக, மண் ஒட்டினாற்போல் இருக்கும் விரலியை எடுப்பது, ஒன்றை உடைத்து, வெளிப்பூச்சு உள்நிறத்தைவிடப் பளிச்சென்று இருந்தால் விடுவது, நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து மில்லில் அரைப்பது. கையில் ஒட்டும் மஞ்சள் தூசி அதிகம் வந்தாலும் வேண்டாம்.

இப்படித்தான் தேனுக்கும். தண்ணீரில் விட்டால் நூல் போல இறங்கும், திரியில் தொட்டு ஏற்றினால் எரியும் என்கிற சோதனைகள் வெல்லப்பாகு கலந்த காலத்தவை. இன்றைய அரிசிச் சிரப் கலப்பு அவற்றில் எல்லாம் தேறிவிடும், ஆய்வகச் சோதனைகளிலேயே சிலவற்றைத் தாண்டிவிடுகிறது. வீட்டுச் சோதனையில் ஜெயித்த தேன் என்று நிம்மதியாக இருப்பது ஏமாற்றுக்காரருக்குத்தான் வசதி.

முட்டையில் மனசாட்சிக் கேள்வி கூர்மையாகிறது. நாமக்கல் பண்ணைகளில் பெரும்பாலும் கூண்டு முறை. ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஒரு ஏ4 தாளைவிடக் குறைவு. ஐரோப்பிய ஒன்றியம் வெற்றுக் கூண்டுகளை (உட்காரக் கம்பியோ முட்டையிட மறைவோ இல்லாதவை) 2012இல் தடை செய்தது. அங்கே முட்டையின் ஓட்டிலேயே வளர்ப்பு முறையைச் சொல்லும் எண் இருக்கும். நம் ஊரில் அப்படிக் கட்டாயம் இல்லை, பெட்டியில் எழுதியதை நம்புவதுதான். பழுப்பு ஓடு என்பது கோழி இனத்தின் குணம், சத்தின் குணம் அல்ல. கருவின் அடர் மஞ்சள் தீவனத்தைப் பொறுத்தது.

'நாட்டுக்கோழி முட்டை' என்று விற்பதில் பெரும்பகுதி பி.வி.380 போன்ற பழுப்பு முட்டை இனங்களுடையது. அவையும் வருடத்துக்கு முந்நூறு முட்டை போடும். உண்மையான நாட்டுக்கோழி அடைகாத்தது போக அறுபது, எண்பது போட்டால் அதிகம். தினமும் தட்டுத் தட்டாக, ஒரே அளவில், வருடம் முழுக்க நாட்டு முட்டை வரும் கடையில் கணக்கு இடிக்கிறது. பக்கத்துத் தெருவில் கோழி மேயவிட்டு வளர்ப்பவரிடம் வாரம் பத்து முட்டை, கூடுதல் விலை கொடுத்து வாங்கி, மொத்த எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வது நடக்கக்கூடிய வழி. கூண்டில்லாத பண்ணையிலும் ஒரு விஷயம் மாறாது: முட்டையின ஆண் குஞ்சுகள் பொரித்த அன்றே பொரிப்பகத்தில் கழிக்கப்படுகின்றன. இது உறுத்துகிறவர்களுக்குப் பெட்டி மாற்றுவது போதாது.

வாங்கிய முட்டையைக் கழுவி அடுக்குவதை நிறுத்த வேண்டும். ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய படலம் போய், கிருமி உள்ளே இறங்க வழி கிடைக்கும். அழுக்கிருந்தால் உலர்ந்த துணி, சமைக்கும் முன் மட்டும் தண்ணீர்.

சந்தேகம் முற்றினால் என்ன செய்யலாம்? உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006, 40ஆம் பிரிவின்படி வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். சென்னை கிண்டி, கோவை, மதுரை, சேலம், தஞ்சாவூர், பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் அரசு ஆய்வகங்கள் இருக்கின்றன. சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியாக வேண்டும். இதை விட்டுவிட்டுப் பிறகு போய் நிற்பவர்கள்தான் அதிகம். பில் வேண்டும், பாக்கெட்டைப் பிரிக்கக் கூடாது, பாதி தீர்ந்த டப்பா மாதிரியாகாது. அறிக்கை விதிமீறல் என்று சொன்னால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும், அறிக்கையின் நகல் உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலருக்கும் போகும். சில்லறையாக அள்ளிக் கொடுத்த பொருள் என்றால் யார் தயாரித்தது என்று நிறுவுவது கடினம். அதனால் சந்தேகமுள்ள பொருளை மட்டுமாவது 14 இலக்க உரிம எண் அச்சிட்ட, முத்திரை உடையாத பாக்கெட்டாக வாங்கிக் கொடுப்பது நல்லது. எண் 1இல் தொடங்கினால் உரிமம், 2இல் தொடங்கினால் சிறு வியாபாரிக்கான பதிவு. அந்த எண்ணை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தளத்தில் போட்டால் பெயரும் முகவரியும் வரும். பாக்கெட்டில் இருப்பதும் அங்கே வருவதும் வேறாக இருந்தால், சோதனைக்குக் காசு கட்டும் முன் அந்த ஒன்றை வைத்தே புகார் கொடுத்துவிடலாம்.